கீசர் போட்டால் ட்ரிப் ஆகிறதா? முதலில் எது விழுகிறது என்று பாருங்கள்

கேள்வி: எங்கள் வீட்டு கீசர் 15 லிட்டர், 2000 வாட். வாங்கி நான்கு வருடம் ஆகிறது, போர் தண்ணீர்தான். போட்டு ஐந்தாறு நிமிடத்தில் ட்ரிப் ஆகி, வீடு முழுக்கக் கரண்ட் போய்விடுகிறது. எலக்ட்ரீஷியன் பெரிய பிரேக்கர் போடலாம் என்கிறார். போடலாமா?

பதில்: வேண்டாம். ‘வீடு முழுக்க’ என்கிறீர்களே, அப்படியானால் விழுவது மெயினில் உள்ள ஆர்சிசிபியாக, அதாவது கசிவு கண்டால் கரண்டை நிறுத்தும் ஸ்விட்சாக, இருக்கும். ‘டி’ என்று போட்ட சின்ன பட்டன் அதில் இருக்கும், பாருங்கள். லோடு கூடினால் அது விழாது. கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால்தான் விழும். வீடுகளில் போடுவது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் வகை, கொஞ்சம் கசிந்தாலே போதும். உங்கள் கீசர் இழுப்பது சுமார் 8.7 ஆம்பியர்தான், அதற்குப் பெரிய பிரேக்கர் எதற்கு?

என் சந்தேகம் எலிமென்ட் மேல், அதாவது கீசருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் கம்பி மேல். உப்புத் தண்ணீரில் அதன்மேல் சுண்ணாம்பு போல வெள்ளையாகப் படியும். சூடு வெளியேற வழியில்லாமல் எலிமென்ட்டின் வெளிக்குழாயில் மயிரிழை விரிசல் விழும், உள்ளே இருக்கும் மக்னீசியம் ஆக்சைடு பொடியில் ஈரம் ஏறும். சூடாகி விரிசல் விரியும்போது கசிவு கூடும். ஐந்து நிமிடம் தாங்குவது அதனால்தான்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு நாள் பாருங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, நியூட்ரல் பக்கம் கசிந்தால் அப்போதும் விழும். பிடுங்கியபின் விழவில்லையா, கோளாறு கீசரில்தான்.

மல்டிமீட்டரில் 26 ஓம் காட்டுகிறது, எலிமென்ட் நல்லா இருக்கு என்பார்கள். உள்ளே காயில் அறுபடவில்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். எலிமென்ட் முனைக்கும் வெளிக்குழாய்க்கும் இடையே 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் எலிமென்ட்டை மாற்றிவிடுங்கள். கூடவே கேஸ்கெட்டையும், டேங்க் துருப்பிடிக்காமல் காக்கும் ஆனோடு ராடையும்.

விழுவது கீசருக்கான எம்சிபி (லோடு கூடினாலோ ஷார்ட் ஆனாலோ விழும் பிரேக்கர்) மட்டும்தான் என்றால் கதை வேறு. ஷார்ட் இல்லையென்றால், எம்சிபியில் ஸ்க்ரூ லூஸாகிச் சூடேறுவது காரணமாக இருக்கலாம்.

அப்புறம், எர்த் ஒயரில் யாரையும் கைவைக்க விடாதீர்கள். ஒரு வீட்டில் கீசர் மூடியைத் திறந்தேன். பச்சை ஒயரைக் கழற்றி, டேப் சுற்றி ஓரமாக மடக்கி வைத்திருந்தது. ட்ரிப் ஆவது நின்றுவிட்டதாம்! கசிவு எங்கே நின்றது? பைப்பைத் தொடுகிறவர் உடம்பு வழியாகப் போகக் காத்திருந்தது.

எலிமென்ட் மாற்றும்வரை பிளக் வெளியிலேயே இருக்கட்டும். குளிக்க அடுப்பில் தண்ணீர் காயவைத்துக்கொள்ளுங்கள்.