கருநிற பெல்ஜிய பீர்: வைத்திருந்தால் சுவை கூடுமா, குறையுமா?

கேள்வி: ஓசூரில் மொட்டைமாடிக்குக் கீழுள்ள தளத்தில் குடியிருக்கிறோம். பிரஸ்ஸல்ஸிலிருந்து வந்த மச்சான் 330 மி.லி. பாட்டில் ஆறு கொண்டு வந்தார். ஆறும் ஒரே வகை: கருநிற பெல்ஜியன் ஸ்ட்ராங் ஏல் (ஏல் என்பது ஒரு பீர் வகை), ஆல்கஹால் 10 சதவீதம். ஒன்றைத் திறந்து பார்த்தோம். சாக்லேட், கருப்பட்டி வாசனை அருமை. ஆனால் தொண்டையில் காட்டமாக இறங்குகிறது. ஒரு வருடம் வைத்தால் மெருகேறும் என்கிறார்கள். மீதி ஐந்தை எங்கே வைப்பது, எப்போது திறப்பது, மாற்றத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? லேபிளில் போட்ட தேதி தாண்டினால் குடிக்கலாமா?

பதில்: உங்களுக்குப் பிடித்தது அந்தச் சாக்லேட் வாசனை என்றால் காத்திருக்க வேண்டாம். வைக்க வைக்க அது குறையுமே தவிரக் கூடாது. காட்டம் தணியும், கசப்பு இறங்கும், உலர்திராட்சையும் பேரீச்சையும் முன்னுக்கு வரும். அது வேறொரு பானம். சிலருக்கு அதுதான் பிடிக்கும். சாக்லேட்டை விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் குடித்துவிடுவது நல்லது. காட்டம் தணிந்து பழச்சுவை வரட்டும் என்கிறவர்கள் ஒன்றிலிருந்து இரண்டு வருடம் வைக்கலாம். அதற்கு மேல் வைக்க வேண்டுமானால் 15 டிகிரிக்குள் நிலையாக நிற்கும் இடம் வேண்டும். நம் பகுதி வீடுகளில் ஃப்ரிட்ஜைத் தவிர அப்படி இடம் கிடையாது.

இந்த வகை பீரில் பெரும்பாலும் கோகோ சேர்ப்பதே இல்லை. கருநிறம் வரும் வரை காய்ச்சிய கேண்டி சர்க்கரைப் பாகு, ஸ்பெஷல் பி போன்ற அடர்நிற மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்), சில ஆலைகளில் சாக்லேட் மால்ட் என்ற பெயரில் நன்றாக வறுத்த பார்லி மால்ட் கொஞ்சம், இவற்றிலிருந்து வருவதுதான் அந்த வாசனை. வறுத்த மணம், இனிப்பு, கசப்பு மூன்றும் சரியான அளவில் சேரும்போது நாக்கு அதைச் சாக்லேட் என்று எடுத்துக்கொள்கிறது. ஹாப்ஸ் என்ற பூ தந்த கசப்பு மாதக்கணக்கில் சிதைந்துகொண்டே போகும். கசப்பு போனால் அந்தக் கூட்டு கலைந்துவிடும். மிஞ்சுவது வெல்லப்பாகும் பழமும்.

மற்ற மாற்றங்களுக்கும் காரணம் உண்டு. புது பாட்டிலில் இருக்கும் வாழைப்பழ வாசனை ஐசோஅமைல் அசிடேட் என்ற எஸ்டர். அது மெல்ல உடைந்து மங்கும். கிராம்பு வாசனை தரும் 4-வினைல்குவையகால் குறையும். அதில் ஒரு பங்கு வெனிலினாக மாறுவதால் ஒரு வருடத்தில் லேசான வெனிலா எட்டிப் பார்க்கலாம். இன்னும் பழையதானால் சோட்டோலோன் என்ற பொருள் சேரும். ஷெர்ரி ஒயினின் மணம் என்று ஐரோப்பியர்கள் சொல்வதில் இதற்குப் பங்கு உண்டு. நமக்கு இன்னும் பக்கத்திலேயே அடையாளம் இருக்கிறது: வெந்தயத்தின் மணமும் இதே சோட்டோலோன்தான். எனவே இரண்டு வருடப் பாட்டிலில் வெந்தய வாசனை வந்தால் கெட்டுப்போனதாக எண்ணிக் கொட்டிவிடாதீர்கள். அது மெல்லிசாக இருக்கும் வரை நல்ல அறிகுறிதான். தூக்கலாகி மற்றதையெல்லாம் மூடினால் நேரம் தாண்டிவிட்டது என்று பொருள்.

எங்கே வைப்பது?

வெப்பம் 10 டிகிரி ஏறினால் பீர் பழசாகும் வேகம் இரண்டிலிருந்து மூன்று மடங்கு கூடும். பீர் ஆலைகளில் இதைவிடக் கடுமையாக 3-30-300 என்று ஒரு கைக்கணக்கு சொல்வார்கள்: 32 டிகிரியில் 3 நாளில் வரும் பழமை 22 டிகிரியில் 30 நாளிலும், 3 டிகிரியில் 300 நாளிலும் வரும். அது லாகர் என்ற வெளிர்நிற பீருக்குப் போட்ட கணக்கு. 10 சதவீத கருநிற ஏல் இதைவிட நன்றாகத் தாங்கும் என்றாலும் திசை அதேதான்.

ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தர்மபுரியைவிட உங்களுக்குக் கொஞ்சம் வசதி. ஆனாலும் மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறை ஏப்ரல், மே மாதங்களில் எப்படிக் காயும் என்று உங்களுக்கே தெரியும். பரண் வேண்டவே வேண்டாம். சமையலறை அலமாரியும், மேற்குச் சுவரை ஒட்டிய பீரோவும் வேண்டாம். அந்துருண்டை போட்ட பீரோ இன்னும் மோசம். அந்த வாடை மூடியின் உள்பூச்சு வழியாக பீருக்குள் இறங்கும்.

சின்ன ஒயின் கூலர் இருந்தால் 13 டிகிரியில் வைத்துவிட்டு மறந்துவிடலாம். இல்லையென்றால் கீழ்த்தளத்தில் வெளிச்சுவர் இல்லாத அறை, தரையோடு ஒட்டிய மூலை, மூடிய அட்டைப்பெட்டி. உயர்ந்த, தாழ்ந்த வெப்பநிலை இரண்டையும் காட்டும் டிஜிட்டல் தெர்மாமீட்டரைப் பெட்டிக்குள் போட்டு ஒரு வாரம் பாருங்கள். 25 டிகிரியைத் தாண்டாவிட்டால் அந்த இடம் போதும். தாண்டினால் ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டுதான் கதி. ஃப்ரிட்ஜ் கதவில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் ஆட்டமும் சூடும். ஃப்ரீசரில் வைத்தால் பாட்டில் வெடிக்கும்.

பாட்டிலை நிறுத்தியே வையுங்கள். படுக்க வைத்தால் மண்டி (அடியில் தங்கும் ஈஸ்ட்) பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும், ஊற்றும்போது கலங்கும். பழுப்பு நிறக் கண்ணாடி வெளிச்சத்தைப் பெருமளவு தடுத்தாலும் முழுக்கத் தடுக்காது. செய்தித்தாளில் சுற்றிவிட்டால் கவலையில்லை.

ஐந்து பாட்டிலுக்கான கால அட்டவணை

மூன்றைக் குளிர்ந்த மூலையிலும் இரண்டை ஃப்ரிட்ஜில் 4 டிகிரியிலும் வையுங்கள். ஃப்ரிட்ஜில் இருப்பவை ஏறக்குறைய இன்றைய நிலையிலேயே நிற்கும். ஒப்பிட்டுப் பார்க்க அவைதான் அளவுகோல். போன வருடம் குடித்ததன் சுவையை நாக்கு நினைவில் வைத்திருக்கும் என்று யாரும் நம்ப வேண்டாம். ஆறாவது மாதம் மூலையிலிருந்து ஒன்று. பன்னிரண்டாவது மாதம் மூலையில் ஒன்று, ஃப்ரிட்ஜில் ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் வைத்து. இருபத்து நான்காவது மாதம் மறுபடி அதே ஜோடி. ஏற்கெனவே குடித்ததைப் பற்றி நினைவிருப்பதை இன்றே எழுதி வைத்துவிடுங்கள். ஆறாம் மாதப் பாட்டிலில் ஈர அட்டை வாடை தெரிந்தால் அட்டவணையை மறந்துவிட்டு மீதியை எல்லாம் ஃப்ரிட்ஜுக்கு மாற்றி, சீக்கிரம் முடித்துவிட வேண்டும்.

வாசனைக் கிண்ணங்கள்

ருசி பார்க்கிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் மூக்கினால் அல்ல, பெயர் சொல்ல வராததால். "ஏதோ ஒரு வாசனை" என்று எழுதினால் அடுத்த வருடம் அதனால் பயனில்லை. திறப்பதற்கு அரைமணி முன்பு மூடியுள்ள சின்னக் கிண்ணங்களில் இவற்றைத் தயார் செய்யுங்கள்: 70 சதவீத டார்க் சாக்லேட் ஒரு துண்டு, நசுக்கிய கருப்பட்டி, வெந்நீரில் ஊறிய நான்கு கருப்பு உலர்திராட்சை, விதை நீக்கிய பேரீச்சை, லேசாக வறுத்த வெந்தயம் கால் டீஸ்பூன், வெந்நீரில் இரண்டு கிராம்பு, வறுத்த ராகி மாவு ஒரு சிட்டிகை, நான்கு சொட்டு சோயா சாஸ், தண்ணீரில் நனைத்த அட்டைத்துண்டு. பீரை முகர்ந்து, சந்தேகம் வந்தால் கிண்ணத்தை முகர்ந்து, எது பக்கத்தில் இருக்கிறதோ அதை எழுதுங்கள். ராகி மாவை விட்டுவிடாதீர்கள். இந்த மாவட்டத்தில் களி கிண்டாத வீடு குறைவு; "வறுத்த தானிய மணம்" என்பதற்கு நம் மூக்கு அறிந்த மிகத் துல்லியமான அடையாளம் அதுதான்.

மாம்பழக் காலத்தில் திறப்பதானால் பழக்கூடை வேறு அறையில் இருக்கட்டும். கிருஷ்ணகிரிப் பக்கம் ஜூனில் வீட்டுக்குள் எதை முகர்ந்தாலும் மாம்பழம்தான் தெரியும். ஊதுபத்தி, தாளிப்பு வாசனையும் அப்படியே. ருசி பார்ப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து காபி, வெற்றிலை பாக்கு, சிகரெட் கிடையாது. இடையில் தின்ன உப்பில்லாத பொரியும் தண்ணீரும் போதும். மசாலா கடலை நாக்கை மரத்துப்போகச் செய்துவிடும்.

திறக்கும் நாள்

இரண்டு நாள் முன்பே பாட்டிலை ஃப்ரிட்ஜில் நிறுத்தி வைத்தால் மண்டி அடியில் கெட்டிப்படும். ஒப்பிட இரண்டு பாட்டில் என்றால் இரண்டுக்கும் இதையே செய்ய வேண்டும். சாப்பிடும் சூடு முக்கியம்: 4 டிகிரியில் எந்த வாசனையும் எழாது, கசப்பும் காட்டமும் மட்டும் தெரியும். வெளியே எடுத்து 20 நிமிடம் கழித்து 10 டிகிரி வாக்கில் ஊற்றுங்கள். நம் அறைச் சூட்டில் கோப்பை சீக்கிரமே 15 டிகிரிக்கு வந்துவிடும். 10, 14, 18 டிகிரி என்று மூன்று இடத்தில் நின்று குறிப்பெடுத்தால், முதலில் கிராம்பும் பிறகு பழமும் கடைசியில் ஆல்கஹாலும் எப்படி எழுகின்றன என்று தெரியும்.

வாய் குறுகி வயிறு அகன்ற ஒயின் கிளாஸ் போதும். எவர்சில்வர் டம்ளரில் நிறமும் தெரியாது, நுரையும் தெரியாது. சோப்பு வாடை போக வெறும் தண்ணீரில் இரண்டு முறை அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காய வையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு துளி இருந்தாலும் நுரை செத்துவிடும்; அதைப் பார்த்து பீர் கெட்டது என்று முடிவுகட்டுபவர்கள் அதிகம்.

மூடியை மெதுவாக நெம்புங்கள். பொங்கினால் பிடிக்கப் பக்கத்தில் ஒரு ஜக். கிளாஸைச் சாய்த்து, நடுவில் நிறுத்தாமல் ஒரே இழுப்பில் ஊற்றி, அடியில் ஒன்றரை சென்டிமீட்டர் விட்டுவிடுங்கள். நிறுத்தி நிறுத்தி ஊற்றினால் ஒவ்வொரு முறையும் மண்டி கிளறும். 330 மி.லி.யை நான்கு பேர் பங்கிட்டால் ஆளுக்கு 75 மி.லி. வரும், ருசி பார்க்க அது தாராளம். தனியாகக் குடித்தால் ஒரு பாட்டிலில் 26 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. இரண்டு பாட்டில் திறக்கும் நாளில் வண்டிச் சாவியை யாரும் தொடக்கூடாது.

முதல் அரை நிமிடம் வாயில் வைக்காமல் குட்டிக் குட்டியாக முகருங்கள். பிறகு 15 மி.லி. வாய் முழுக்கப் பரப்பி, விழுங்குங்கள். கசப்பு நாக்கின் பின்பக்கம் வரை தெரிய வேண்டும் என்பதால் பீரை ஒயின்போல் துப்புவதில்லை. மண்டியைக் கடைசியில் தனியாக ருசி பாருங்கள்: ரொட்டி மணம் என்றால் ஈஸ்ட் நலமாக இருக்கிறது, இறைச்சிச் சாறு மாதிரி என்றால் சிதைய ஆரம்பித்துவிட்டது.

பன்னிரண்டாம் மாதம் வித்தியாசம் உண்மையா, மனப்பிரமையா என்று சோதிக்க மூன்று கிளாஸ் முறையைப் பயன்படுத்துங்கள். வேறொருவர் ஒரே மாதிரி மூன்று கிளாஸில் இரண்டில் ஒரு பாட்டிலையும் ஒன்றில் மற்றதையும் ஊற்றி, அடியில் எண் ஒட்டித் தர வேண்டும். தனித்தது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும். எனவே ஒருவர் ஒரு முறை சரியாகச் சொன்னதை வைத்துப் பெருமைப்பட வேண்டாம். நான்கு பேரும் தனித்தனியாகச் சரியாகச் சொன்னால் நம்பலாம்.

எது முதிர்ச்சி, எது கேடு?

ஈர அட்டை வாடைக்கு ஆக்சிஜனும் சூடும் காரணம்; திரும்பாது. சோயா சாஸ் வாடை துளியாக இருந்தால் ஆழம் தரும், தூக்கலானால் செத்த ஈஸ்டின் வேலை. சூட்டில் வைத்த பாட்டிலில் இது சீக்கிரம் வரும். கருகிய ரப்பர் போன்ற நாற்றம் வெளிச்சம் பட்டதால். வினிகர்ப் புளிப்போடு நுரை கட்டுக்கடங்காமல் பொங்கினால் வேறு நுண்ணுயிர் புகுந்திருக்கிறது. புளிப்பில்லாமல் பொங்கினால் குலுங்கியதோ சூடாக இருந்ததோதான் காரணம். அடுத்ததை நன்றாகக் குளிரவைத்துத் திறங்கள். சத்தமே இல்லாமல் திறந்து நுரை வராவிட்டால் மூடி கசிந்திருக்கிறது.

லேபிள் தேதி தரத்துக்கான உத்தரவாதமே தவிர, மறுநாள் விஷமாகும் என்ற எச்சரிக்கை அல்ல. பாட்டிலில் விரிசல் இல்லை, மூடி துருப்பிடிக்கவில்லை, நாற்றம் இல்லை என்றால் தேதி தாண்டியும் குடிக்கலாம். ஐரோப்பிய லேபிளில் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசை. எந்த நாளில் அடைத்தது என்பதை அதிலிருந்து கணக்கிட முடியாது, ஒவ்வொரு ஆலையும் வெவ்வேறு கெடு வைக்கிறது. ஷிமே கிராண்ட் ரிசர்வ் 750 மி.லி. பாட்டிலில் ஆண்டையே அச்சிடுகிறார்கள். வைத்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அது வசதி.

இனி வாங்கும்போது எதை வைக்கலாம் என்றால், 8 சதவீதத்துக்கு மேல், கருநிறம், ஹாப்ஸ் குறைவு, பாட்டிலுக்குள்ளேயே மறுபடி நொதிக்க விட்டது. டார்ச் அடித்தால் அடியில் மண்டி தெரியும். ரோஷ்ஃபோர் 10 (11.3 சதவீதம்), வெஸ்ட்ஃப்ளெட்டரன் 12 (10.2), ஷிமே நீலம் (9) இந்த ரகம். டபல் (Dubbel) என்ற 7 சதவீத பழுப்பு ஏலை ஒரு வருடத்துக்கு மேல் வைப்பது வீண். கோகோ சேர்த்த பீர்களை வைக்கவே வேண்டாம், கோகோ மணம்தான் முதலில் பறக்கும். பெங்களூரு மைக்ரோ ப்ரூவரிகளில் குழாயில் பிடிக்கும் பெல்ஜியன் டார்க், பிடிக்கும்போதே காற்றை வாங்கிவிடுகிறது. அங்கேயே உட்கார்ந்து குடிப்பதற்கானது. அதை மட்டுமல்ல, எந்த கர்நாடகச் சரக்கையும் ஜுஜுவாடி எல்லை தாண்டி பெர்மிட் இல்லாமல் கொண்டு வருவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். மச்சான் கொண்டு வந்த ஆறு பாட்டில் 1.98 லிட்டர், விமானப் பயணிக்கு வரியின்றி அனுமதிக்கும் 2 லிட்டருக்குள் அடங்குகிறது. விமான நிலைய ரசீதை, கடைசிப் பாட்டில் முடியும் வரை பெட்டியோடு வைத்திருங்கள்.