வால் ஓரத்தைப் பாருங்கள்

கேள்வி: கோவையில் 'கிரீன் டெரர்' என்று சொல்லிக் கொடுத்த மீன் குஞ்சு இப்போது மூன்று அங்குலம். முகத்தில் நீலக் கோடு, உடல் நடுவில் கறுப்புப் பொட்டு. மற்றபடி மங்கிப்போய்க் கிடக்கிறது. நண்பர் 'புளூ அகாரா' என்கிறார். எது சரி?
- வாசகர், குன்னூர்

பதில்: முதலில் தண்ணீரைச் சூடாக்குங்கள். உங்கள் ஊர்க் குளிரில் ஹீட்டர் இல்லாத தொட்டியில் சிக்லிட் மீன் (நீங்கள் சொன்ன இரண்டும் இந்தக் குடும்பம்தான்) கறுத்துப்போய், துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் ஒதுங்கிவிடும். அந்தக் கோலத்தில் இனம் சொல்ல முடியாது. 100 லிட்டருக்குச் சமவெளியில் 100 வாட் போதும். மலையில் 200 வாட் வேண்டும். அதையும் 100 வாட்டாக இரண்டு போடுங்கள். ஒன்று பழுதானாலும் மீன் தாங்கும். ஒன்று அணையாமல் சிக்கிக்கொண்டாலும் தண்ணீர் சட்டென்று கொதிப்பேறாது. நாளுக்கு 2 டிகிரி வீதம் ஏற்றி 25-ல் நிறுத்தி, ஒரு வாரம் விடுங்கள்.

நீலக் கோட்டையும் கறுப்புப் பொட்டையும் நம்ப வேண்டாம். இரண்டு மீனும் ஆண்டினோஅகாரா பேரினம்தான், இரண்டிலும் அவை உண்டு. வால்துடுப்பைப் பாருங்கள். கிரீன் டெரருக்கு வால் ஓரத்தில் வெள்ளையாகவோ ஆரஞ்சாகவோ தெளிவான பட்டை ஓடும். முதுகுத்துடுப்பின் விளிம்பிலும் அதே நிறம். மூன்று அங்குலத்தில் மெல்லியதாகவாவது தெரிய வேண்டும். புளூ அகாராவின் வாலில் அப்படித் தெளிந்த பட்டை கிடையாது.

பட்டை இருந்தால் செதிலையும் உற்றுப் பாருங்கள், கிரீன் டெரர் என்று விற்பதில் இரண்டு இனம் உண்டு. நடுவில் கறுப்பு, ஓரம் வெளிர் என்றால் ரிவுலேட்டஸ். நடு மின்னி, ஓரம் கறுத்து வலைபோலத் தெரிந்தால் பெரு நாட்டு ஸ்டால்ஸ்பெர்கி. 2009-ல்தான் அது தனி இனமாக விவரிக்கப்பட்டது. கடையில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்.

பிளவர்ஹார்ன் என்ற கலப்பின சிக்லிட்டின் குஞ்சோ என்ற சந்தேகமும் வேண்டாம் என்றால், மீனை ஒடுங்கிய கண்ணாடிப் பெட்டியில் விட்டு, ஃபிளாஷ் இல்லாமல் பக்கவாட்டில் படமெடுத்துப் பெரிதாக்குங்கள். ஆசனவாய்த் துடுப்பின் முன்பக்க முட்களை எண்ணுங்கள். ஆண்டினோஅகாராவுக்கு 3, பிளவர்ஹார்னுக்கு அதைவிடக் கூடுதல். ஜிலேபி கெண்டைக்கும் 3தான், ஆனால் அதன் குஞ்சுக்கு முதுகுத்துடுப்பின் பின்பகுதியில் கறுப்புப் புள்ளி இருக்கும்.

நீங்கள் எழுதியதில் வால் பட்டையைப் பற்றிப் பேச்சே இல்லை. அதனால் நண்பர் சொல்வதே சரியாக இருக்கலாம். புளூ அகாரா என்றால் சுமார் 15 செ.மீ. வளரும், மூன்றடித் தொட்டி போதும், சாதுவான துணைமீன்களோடு ஒத்துப்போகும். கிரீன் டெரர் என்றால் 20 செ.மீ.யைத் தாண்டும், இப்போதே நாலடித் தொட்டிக்கு இடம் பாருங்கள், சின்ன மீன்களைப் பிரித்துவிடுங்கள்.