கேள்வி-பதில்: பதினைந்து வயதில் ஸ்கூட்டர் சாவி

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டியூஷனுக்கு அவன் அப்பாவின் ஸ்கூட்டரில் போகிறான். "ஊருக்குள்ளேதானே, மெயின் ரோடு ஏறமாட்டான்" என்கிறார் கணவர். பிடிபட்டால் சின்ன அபராதத்தோடு முடிந்துவிடுமா?
- வாசகி, நாமக்கல்

முடியாது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 199ஏ பிரிவு, பையனைவிட உங்கள் கணவரைத்தான் முதலில் பிடிக்கும். குற்றம் உறுதியானால் 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. "எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான்" என்று சொல்லலாம்தான். அதை நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. தினமும் டியூஷன் வாசலில் நிற்கும் வண்டிக்கு அந்தப் பேச்சு எடுபடாது.

இதைவிடப் பெரிய அடி இன்ஷூரன்ஸில் விழும். யார் மீதாவது மோதினால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினார் என்று காட்டி அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடமே திருப்பி வசூலிக்க முடியும். உயிரிழப்பு என்றால் தொகை பல லட்சங்களில் இருக்கும்.

வெறுமனே "தொடாதே" என்றால் நண்பனின் வண்டியை எடுப்பான். ஸ்பேர் சாவி உட்பட இரண்டு சாவிகளும் பெரியவர்கள் கையில் இருக்கட்டும். மூன்று கிலோமீட்டர் சைக்கிளில் கால் மணி நேரம்தான். இருட்டிய பிறகு திரும்புகிறான் என்றால், அதே டியூஷனுக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோருடன் முறை போட்டு அழைத்து வரலாம். கூடவே அவனுக்கு ஒரு தேதியும் சொல்லுங்கள்: 18 முடிந்ததும் எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்), அதிலிருந்து 30 நாள் கழித்து டெஸ்ட், அதுவரை ஓட்டக் கற்றுக்கொடுப்பது அப்பா. காத்திருக்க ஒரு நாள் குறித்திருந்தால் பையன்கள் ஓரளவு அடங்குவார்கள். அப்பாவும் ஹெல்மெட் போட்டுத்தான் வண்டி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இவ்வளவும் வீண்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். நண்பர்கள் ட்ரிபிள்ஸ் போகக் கூப்பிடுகிறார்கள். மறுத்தால் கிண்டல். எப்படித் தப்பிப்பது?
- வாசகர், திண்டுக்கல்

அந்த நேரத்தில் யோசித்தால் வராது, தம்பி. வாக்கியத்தை முன்பே தயாராக வைத்துக்கொள்: "நீங்க போங்கடா, நான் பஸ்ல வந்துடறேன்." அவ்வளவுதான். சட்டம், ஆபத்து என்று விளக்கப் போனால் விவாதமாகிவிடும். விவாதத்தில் மூன்று பேர் சேர்ந்து ஒருவனை வளைப்பது சுலபம். பஸ் காசு எப்போதும் பையில் இருக்கட்டும். ஓட்டுகிறவன் குடித்திருந்தால் வீட்டுக்கு ஒரு ரகசியக் குறிப்பு வார்த்தையை அனுப்பு. உதாரணமாக, 'பாட்டிக்கு மாத்திரை' என்று உன்னிடமிருந்து வந்தால் உடனே போன் செய்து கூப்பிட வேண்டும், அன்றிரவு திட்டக்கூடாது என்று பெற்றோரிடம் இப்போதே பேசி வை.

எப்போதாவது விபத்து நடந்துவிட்டால் ஓடாதே. 108-ஐ அழை, அடிபட்டவர் பக்கத்திலேயே நில். ஓட்டியது அப்பா என்று ஆள் மாற்றிச் சொல்லும் வேலை பல குடும்பங்களில் நடக்கிறது. தெருவுக்குத் தெரு சிசிடிவி இருக்கும் காலம் இது. பொய் வெளியே வந்தால் அதற்குத் தனி வழக்கு, அதில் அப்பாவும் சேர்ந்து சிக்குவார்.

கேள்வி: 16 வயதில் ஸ்கூட்டர் ஓட்டலாம் என்கிறார்களே? பேட்டரி வண்டிக்கு லைசென்ஸே வேண்டாமாமே?
- வாசகர், ஈரோடு

இரண்டும் பாதி உண்மை. 16 வயதுக்கு அனுமதி 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டும், அதுவும் லைசென்ஸ் எடுத்த பிறகு. ஷோரூமில் நிற்கும் வழக்கமான ஸ்கூட்டர்களோ 100 சிசிக்கு மேல். பேட்டரி வண்டியில் வேகம் 25 கிலோமீட்டருக்குள், மோட்டார் 250 வாட்டுக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்தால்தான் விலக்கு. வாங்கும்போது இந்த விவரங்களைப் பில்லில் எழுதி வாங்குங்கள். வேகப் பூட்டை எடுத்துத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் சம்மதிக்காதீர்கள். பூட்டு போனால் விலக்கும் போகும்.