மஞ்சளை ஒடித்துப் பார்க்கிறோம், சேதியை?

வாசகர் கேள்வி – பதில்

"வணக்கமுங்க. விவரம் தெரியாமல் ஓட்டுப் போடுகிறவர்களால்தான் எல்லாம் கெடுகிறது. ஒரு சின்னப் பரீட்சை வைத்து, தேறியவர்களுக்கு மட்டும் ஓட்டு என்று கொண்டுவந்தால் என்னங்க தப்பு?"
– வாசகர், பெருந்துறை

பெரிய தப்புங்க. பரீட்சை என்றால் கேள்வித்தாளை யாரோ ஒருவர் எழுத வேண்டும், யாருக்கு ஓட்டு வேண்டாம் என்பதை அவர் கையில் கொடுத்துவிடுகிறோம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் எழுத்தறிவுத் தேர்வு என்ற பெயரில் கறுப்பின மக்களைப் பல பத்தாண்டுகள் வாக்குச்சாவடிப் பக்கமே வரவிடாமல் செய்தார்கள். 1965-இல் சட்டம் வந்த பிறகுதான் அதற்கு முட்டுக்கட்டை விழுந்தது. நம் நாட்டில் 1951 கணக்கெடுப்பின்படி எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர். அப்படியிருந்தும் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று சொல்லி, ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி வைத்து முதல் பொதுத்தேர்தலை நடத்திக் காட்டினார்கள்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒன்று சொல்கிறேன். 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதியில், எங்கள் குறையை யாரும் காதில் வாங்கவில்லை என்று விவசாயிகள் ஆளாளுக்கு மனுத் தாக்கல் செய்ததில் மொத்தம் 1033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியிருந்தது. அத்தனை பக்கங்களையும் புரட்டி, தங்களுக்கு வேண்டிய சின்னத்தைத் தேடிப் பிடித்து முத்திரை குத்திவிட்டுத்தான் வந்தார்கள் நம் சனங்கள். 88 பேருக்கு ஒரு ஓட்டுக்கூட விழவில்லை. அவர்களை விவரம் இல்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஈரோட்டு மண்டியில் மஞ்சள் வாங்குகிறவர் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு விரலியை எடுத்து ஒடித்து, உள்ளே நிறம் எப்படி, நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் விலையைப் பேசுகிறார். கருங்கல்பாளையம் சந்தையில் பல்லைப் பார்க்காமல் மாடு பிடிக்கிற ஆளை நான் கண்டதில்லை. அதே ஆள் செல்போனில் வந்த சேதியை அடுத்த நொடியே பத்துப் பேருக்குத் தள்ளிவிடுகிறார், ஏனென்றால் மாடு மோசம் போனால் நட்டம் அவர் மடியில் இருந்து போகிறது, ஓட்டு மோசம் போனால் ஊர் முழுக்கப் பங்காகிப் போகிறது, போதாததற்கு என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடும் என்ற நினைப்பும் கூடவே இருக்கிறது. ஆண்டனி டவுன்ஸ் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1957-லேயே இதை எழுதினார்: விவரம் தேடப் பிடிக்கிற நேரமும் செலவும் தனி ஆளுக்குத் திரும்பி வராதபோது, தேடாமல் இருப்பதுதான் அவருக்குக் கட்டுபடியாகிறது. படித்தவருக்கும் இதே கணக்குத்தான். எனக்கு வந்து சேர்ந்த பொய்ச் சேதிகளில் பாதி, பட்டம் வாங்கியவர்கள் அனுப்பியவை.

"விசைத்தறி ஓட்டுகிறேன் அண்ணா. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே சேதி வேறு வேறு ஆள் மூலமாக வந்துகொண்டே இருக்கிறது. முதலில் நம்பவில்லை. பத்தாவது தடவை வந்தபோது உண்மையாக இருக்குமோ என்று தோன்றிவிட்டது. எனக்கு மட்டும்தான் இப்படியா?"
– வாசகர், பல்லடம்

எல்லோருக்கும் அப்படித்தான் தம்பி. 1977-இல் அமெரிக்காவில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். உண்மையும் பொய்யும் கலந்த வாக்கியங்களைக் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு வார இடைவெளியில் மூன்று தடவை கொடுத்து, எது எவ்வளவு உண்மையாகப் படுகிறது என்று கேட்டார்கள். திரும்பத் திரும்ப வந்த வாக்கியங்கள், பொய்யானவையும் சேர்த்து, தடவைக்குத் தடவை கூடுதல் உண்மையாகத் தோன்றின. காதுக்குப் பழகினதை மனசு உண்மை என்று எடுத்துக்கொள்கிறது. தேர்தல் வேலைக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

2023 மார்ச் தொடக்கத்தில் நம் பக்கம் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. திருப்பூர் பெயர்தான் அதில் அதிகம் அடிபட்டது. சம்பந்தமே இல்லாத சம்பவங்களின் காட்சிகளை எடுத்து ஒட்டியிருந்தார்கள். போலீஸ் மறுத்தது, உதவி எண்கள் கொடுத்தார்கள், பீகார் அரசே ஒரு குழுவை அனுப்பி நேரில் விசாரித்தது. பனியன் கம்பெனி வாசலில் அவர்களோடு நின்று டீ குடிக்கிற நமக்கு அது பொய் என்று உடனே தெரிந்தது. பீகாரில் இருக்கிற தாய் தகப்பனுக்கு எப்படித் தெரியும்? கிளம்பி வா, உயிரோடு வந்து சேர் என்று போன் போட்டார்கள். இப்போது இதையே திருப்பிப் பாருங்கள். நாம் போயிராத ஊரைப் பற்றி, பழகாத சனத்தைப் பற்றி ஒரு சேதி வந்தால், அங்கே நாம்தான் அந்தத் தாய் தகப்பன் இடத்தில் இருக்கிறோம். எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, முதலில் போட்டது யார் என்று கேளுங்கள். பத்து வாய்க்காலில் வருகிற தண்ணீரும் ஒரே மதகில் இருந்து திறந்துவிட்டதாக இருக்கலாம்.

"கருத்துக்கணிப்பில் யார் ஜெயிப்பார் என்று வருகிறதோ அவருக்கே போட்டுவிட்டால் ஓட்டு வீணாகாதில்லையா?"
– வாசகர், குமாரபாளையம்

ஜெயிக்கிற ஆளைச் சரியாகச் சொன்னால் உங்களுக்குப் பரிசு எதுவும் கிடையாது. தோற்றவருக்கு விழுந்த ஓட்டும் கணக்கில் நிற்கிறது, செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால் அவருக்கு டெபாசிட்டாவது தப்பும். கணிப்பு என்றால் யார் காசு கொடுத்து எடுத்தது, எத்தனை பேரிடம் எந்தத் தேதியில் கேட்டது என்று சொல்லியிருக்க வேண்டும். வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் டி.வி.யில் கருத்துக்கணிப்பைக் காட்டவே சட்டத்தில் இடமில்லை. அந்த நேரத்தில் 'ரகசிய உளவுத்துறை ரிப்போர்ட்' என்று செல்போனுக்கு வருவதை அழித்துவிடுங்கள்.

"போன தேர்தலில் கவரைக் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளை தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். செய்துவிட்டேன். ஆனால் மனசு கேட்காமல் மாற்றித்தான் போட்டேன். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று இன்னமும் பயமாக இருக்குதுங்க. யாருக்குப் போட்டேன் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுமா?"
– வாசகி, கரூர் மாவட்டம்

அம்மணி, பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. எங்கள் அம்முச்சி இதே மாதிரி கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்ததைச் சின்ன வயதில் பார்த்தவன் நான், அதனால் உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. பிள்ளையை நடுவில் வைத்து ஒரு தாயிடம் சத்தியம் வாங்குவது மிரட்டல். மிரட்டி வாங்கின வாக்கு எந்தச் சாமியிடமும் செல்லாது.

யாருக்குப் போட்டீர்கள் என்றும் தெரியாது. நீங்கள் பட்டனை அழுத்தியதும் சின்னம் அச்சான சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி தெரிந்து, வெட்டுப்பட்டுப் பெட்டிக்குள் விழுந்துவிடுகிறது, அதில் உங்கள் பெயர் இல்லை. ஒன்று மட்டும் உண்மை: எந்த பூத்தில் எந்தச் சின்னத்துக்கு எத்தனை ஓட்டு என்பது எண்ணும்போது வெளியே தெரியும். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் 'எங்களுக்கு எல்லாம் தெரியும்' என்று மிரட்டுவார்கள்.

கசப்பானதையும் சொல்லியாக வேண்டும். ஓட்டுக்குப் பணம் கொடுப்பது மட்டுமில்லை, வாங்குவதும் குற்றம்தான், ஓர் ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பண விநியோகத்தால் 2016 மே மாதம் உங்கள் மாவட்டத்து அரவக்குறிச்சியில் நடக்க வேண்டிய தேர்தலே ரத்தாகி, நவம்பரில்தான் நடந்தது. அடுத்த தடவை கவரோடு வந்தால் கதவைத் திறக்காதீர்கள். தேர்தல் ஆணையத்தின் 1950 என்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். புகார் அனுப்ப அவர்களே வைத்திருக்கிற சி-விஜில் வசதியில் பெயர் சொல்லாமலே படம் எடுத்து அனுப்பலாம்.

"முதல் ஓட்டுப் போடப் போகிறேன். எதை வைத்து முடிவு செய்வது?"
– வாசகி, அவிநாசி

முதலில் வேட்பாளர்கள் கொடுக்கிற பிரமாணப் பத்திரத்தைப் படியுங்கள். வழக்கு, சொத்து, கடன் எல்லாம் அதில் இருக்கும், தேர்தல் ஆணையத்தின் தளத்திலேயே கிடைக்கும்.

அப்புறம் போஸ்டர்கள். உங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கின அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் அப்பாரு காலத்தில் இருந்து கேட்டு வந்த தண்ணீர் அது. 2019 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி முதல்வராக இருந்தபோது அடிக்கல் நாட்டினார், 2024 ஆகஸ்டில் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். இரண்டு பக்கமும் 'நாங்கள்தான்' என்று போஸ்டர் ஒட்டலாம், இரண்டிலும் பொய் இருக்காது, ஆனால் அடுத்தவர் பங்கைச் சொல்லாமல் விட்டிருப்பார்கள். பொய்யைவிட இந்தப் பாதி உண்மைதான் நம்மை அதிகம் ஏமாற்றுகிறது. 1045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் என்பது திட்டம். உங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் குட்டை அந்தப் பட்டியலில் இருக்கிறதா, குழாய் வந்திருக்கிறதா, போன வருடம் எத்தனை நாள் தண்ணீர் விழுந்தது என்று போய்ப் பார்த்து, அங்கே ஆடு மேய்க்கிறவரிடமும் கேளுங்கள். அந்தக் குறிப்போடு ஓட்டுக் கேட்டு வருகிற எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். என்ன பதில் சொன்னார்கள் என்று எங்களுக்கும் எழுதுங்கள்.