கல்லூரி வளாகத்தில் அணு உலை – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு சைசிங் மில்லில் மேலாளராக இருக்கிறேன். உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து படிப்பவன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் மகள் கோவையில் பி.இ. முடித்துவிட்டு அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் அணுப் பொறியியல் மேற்படிப்பு படிக்கிறாள். அங்கே வளாகத்துக்குள்ளேயே ஒரு சின்ன அணு உலை இருக்கிறது. ஒரு மெகாவாட் என்று சொன்னாள். அதை இயக்குவதற்கான லைசென்ஸ் வாங்கப் பயிற்சியும் எடுக்கிறாள். கேட்டபோது பெருமையாகத்தான் இருந்தது. போன மாதம், “எங்க உலைக்கு இன்ஸ்பெக்சன் ரிப்போர்ட் வந்திருக்குதுங்கப்பா, படிச்சுப் பாருங்க” என்று அவளே லிங்க் அனுப்பினாள். படித்தேன். உலையை இயக்குகிறவர் ஒருவர், ஒரு காலாண்டில் செய்திருக்க வேண்டிய மணி நேரத்தை முடிக்காமல் விட்டு, அடுத்த காலாண்டில் உலையை இயக்கியிருக்கிறார். இது நான்காம் நிலை விதிமீறல் என்று எழுதியிருக்கிறது.

எங்கள் மில்லில் பாய்லர் உண்டு. பாய்லர் இன்ஸ்பெக்டர் வந்து ஒரு குறையும் எழுதாமல் போனால்தான் எங்களுக்கு நிம்மதி. அங்கே குறையை எழுதி, ஊர் உலகம் பார்க்கும்படி இணையத்திலும் போட்டிருக்கிறார்கள் என்றால் நிலைமை எவ்வளவு மோசமாக இருக்குமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. அவளுடைய அம்முச்சி, “புள்ளைய அணுகுண்டுப் பக்கத்துல உட்டுப்போட்டு உங்களுக்கெல்லாம் எப்படிச் சோறு எறங்குது” என்று தினமும் கேட்கிறார். மகளைக் கேட்டால் “ஒண்ணும் இல்லீங்கப்பா” என்பதோடு முடித்துவிடுகிறாள்.

இந்த உலை ஆபத்தானதா? இதை மாணவர்கள் கையில் கொடுக்கலாமா? அவளை வேறு பிரிவுக்கு மாறச் சொல்லட்டுமா?

(பெயர் வேண்டாம்)
கோபி வட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

வேறு பிரிவுக்கு மாறச் சொல்ல வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதியை நீங்கள் நிதானமாகப் படிக்க மாட்டீர்கள்.

அம்முச்சிக்கு முதல் பதில். கூடங்குளத்தில் ஒரு உலை ஏறத்தாழ 3000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்கி, அதிலிருந்து 1000 மெகாவாட் மின்சாரம் எடுக்கிறது. உங்கள் மகள் பயிலும் உலையின் வெப்பம் அதில் மூவாயிரத்தில் ஒரு பங்கு. ரீட் கல்லூரியின் உலை கால் மெகாவாட், பர்டூ பல்கலைக்கழகத்தினுடையது 10 கிலோவாட். மிசூரி பல்கலைக்கழகத்தின் 10 மெகாவாட் உலைதான் அங்குள்ள பல்கலைக்கழக உலைகளில் பெரியது. இவை மின்சாரம் தயாரிப்பதில்லை. நியூட்ரான்களுக்காகவே இயங்குகின்றன: பொருட்களைச் சோதிக்க, மருத்துவத்துக்கான ஐசோடோப்புகள் செய்ய, பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க.

ஒரு மெகாவாட் என்கிறீர்கள், அப்படியென்றால் அநேகமாக ‘ட்ரிகா’ வகையாக இருக்கும். முதல் ட்ரிகா 1958இல் சான் டியாகோவில் இயங்கியது. அதன் எரிபொருளில் யுரேனியத்தோடு சிர்கோனியம் ஹைட்ரைடும் கலந்திருக்கும். எரிபொருள் சூடானால் அதிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களின் அதிர்வு கூடும். அவற்றில் மோதும் நியூட்ரான்கள் வேகம் குறைவதற்குப் பதிலாக வேகம் பெறும். வேகமான நியூட்ரான் யுரேனியத்தைப் பிளப்பது குறைவு, அதனால் தொடர்வினை தானாகவே தணிந்துவிடும். யாரும் பொத்தானை அழுத்தி இதை நடத்துவதில்லை, எரிபொருளின் இயல்பே அது. சில பல்கலைக்கழகங்களில், நியூட்ரான்களை உறிஞ்சி தொடர்வினையை அடக்கிவைக்கும் கட்டுப்பாட்டுத் தண்டு ஒன்றை வேண்டுமென்றே காற்றழுத்தத்தால் மேலே தள்ளிக் காட்டுவார்கள். ஆற்றல் சில மில்லிவினாடி நேரம் பலநூறு மெகாவாட்டுக்கு எகிறும், தண்ணீருக்கு அடியில் நீல வெளிச்சம் பளீரென்று வரும், அடுத்த கணம் அடங்கிவிடும். அணுகுண்டு போல வெடிக்க இதனால் முடியாது. அம்முச்சியிடம் தைரியமாகச் சொல்லலாம்.

இதோடு நிறுத்தினால் நான் பாதி உண்மைதான் சொன்னதாகும். சின்ன உலைகளும் ஆட்களைக் கொன்றிருக்கின்றன. 1961 ஜனவரி 3ஆம் தேதி, அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் எஸ்.எல்-1 என்ற சிறிய ராணுவ உலையில், பராமரிப்பு வேலையின்போது நான்கு அங்குலம் உயர்த்த வேண்டிய நடுத் தண்டைக் கையாலேயே ஏறத்தாழ இருபது அங்குலம் இழுத்துவிட்டார்கள். மூன்று பேர் இறந்தார்கள். 1983 செப்டம்பரில், பியூனஸ் ஐரிஸ் நகரின் ஆர்ஏ-2 உலையில் எரிபொருள் அமைப்பை மாற்றுவதற்கு முன், தொடர்வினைக்குத் துணைபோகும் தொட்டித் தண்ணீரை வடித்திருக்க வேண்டும், வடிக்கவில்லை. வேலை செய்துகொண்டிருந்தவர் உயிர் பிழைக்கவில்லை. இரண்டுமே பல்கலைக்கழக உலைகள் அல்ல, ட்ரிகாவும் அல்ல. ஆனால் இரண்டிலும் விபத்து மனிதக் கை வழியாகத்தான் வந்தது.

பழைய கதை என்று தள்ளவும் முடியாது. மேரிலாந்தில் அமெரிக்க அரசின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் 20 மெகாவாட் ஆராய்ச்சி உலை ஒன்றை 1967லிருந்து நடத்தி வருகிறது. 2021 பிப்ரவரி 3 அன்று, எரிபொருள் மாற்றிய பிறகு உலையை மறுபடி இயக்கினார்கள். ஆற்றல் ஏறிக்கொண்டிருக்கும்போதே கதிர்வீச்சு எச்சரிக்கை வந்து உலை தானே நின்றது. காரணம் ஒரே ஒரு எரிபொருள் கூறு. அதை மேலிருந்து நீளமான கருவியால் இறக்கி, திருப்பி, தாழ்ப்பாள் விழவைக்க வேண்டும். உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது, கருவி தரும் உணர்வையும் அளவையும் வைத்துத்தான் விழுந்ததா என்று தீர்மானிக்க வேண்டும். அன்று அந்தத் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. கூறு தன் இடத்திலிருந்து விலகி, போதிய குளிர்ச்சி கிடைக்காமல், ஒரு பகுதி உருகிவிட்டது. வெளியே மக்களுக்குப் போன கதிர்வீச்சு அனுமதித்த வரம்புக்கு மிகவும் கீழேதான். ஆனாலும் மீண்டும் இயக்க ஒப்புதல் கிடைத்தது 2023 மார்ச்சில்தான். விசாரணை சுட்டிய காரணங்களைப் பாருங்கள்: புது ஆட்களுக்குப் போதிய பயிற்சி இல்லை, செய்முறைக் குறிப்பில் செய்ய வேண்டியது முழுமையாக எழுதப்படவில்லை, எழுதியதைக் கடைப்பிடிக்கிறார்களா என்று மேலே இருந்தவர்கள் கவனிக்கவில்லை. அனுபவசாலிகளின் கையில் இருந்த நுணுக்கம் அடுத்தவர் கைக்கு வந்து சேரவில்லை.

பல்கலைக்கழக உலையில் நான் கவலைப்படுவதும் இதைப் பற்றித்தான். ஆட்கள் கொஞ்சம். மாணவர்கள் இரண்டு மூன்று வருடத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். உலை சாது. பல வருடம் ஒன்றுமே நடக்காது. ஒன்றுமே நடக்காத இடத்தில் கை மறக்கும், பட்டியலைப் பார்க்காமலே டிக் அடிக்கப் பழகிவிடும்.

இப்போது உங்கள் மகள் அனுப்பிய அறிக்கைக்கு வருகிறேன். அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் கணக்கில் 2 மெகாவாட் ஒரு எல்லைக்கோடு. அதற்கு மேற்பட்டவற்றில் ஆய்வுகள் ஆண்டுக்கொரு சுற்று, கீழே உள்ளவற்றில் இரண்டு ஆண்டுக்கொரு சுற்று. ஆய்வாளர் பெரும்பாலும் முன்கூட்டித் தெரிவித்துவிட்டுத்தான் வருவார். வருவது தெரிந்தால் எல்லாவற்றையும் துடைத்து வைத்துவிட மாட்டார்களா என்று நீங்கள் கேட்பீர்கள். தரையைத் துடைக்கலாம். பதிவேட்டை எப்படித் துடைப்பது? உலையை எத்தனை மணிக்கு இயக்கினார்கள், யார் இருக்கையில் இருந்தார், எப்போது நிறுத்தினார்கள் என்று கையெழுத்தோடு எழுதிய பதிவேட்டை அவர் வரிசையாகப் படிப்பார். பிறகு இயக்குபவர் ஒவ்வொருவரின் பயிற்சிக் கோப்பையும் எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்ப்பார். மின்காந்தத்தை நிறுத்தினால் கட்டுப்பாட்டுத் தண்டுகள் குறித்த நேரத்துக்குள் விழுகின்றனவா, கதிர்வீச்சு மானிகளைத் தவணை தவறாமல் சரிபார்த்தார்களா, எரிபொருளை நகர்த்தியபோது எழுதிவைத்த முறைப்படி நகர்த்தினார்களா, ஊர்த் தீயணைப்புக்காரர்களோடு ஒத்திகை நடந்ததா, பாதுகாப்புக் குழு கூடியதா, கூடி என்ன பேசியது என்றெல்லாம் பார்ப்பார். இரும்பைவிட ஆட்களின் பழக்கத்தைப் பார்க்கும் வேலை இது.

உங்களைக் கலவரப்படுத்திய மணிக்கணக்கும் அந்தப் பழக்கம் சம்பந்தப்பட்டதுதான். ஆராய்ச்சி உலையை இயக்க லைசென்ஸ் வாங்கியவர் ஒவ்வொரு காலாண்டிலும் குறைந்தது நான்கு மணி நேரமாவது அந்த வேலையைச் செய்திருக்க வேண்டும். விட்டுப்போனால், லைசென்ஸ் உள்ள இன்னொருவரின் மேற்பார்வையில் ஆறு மணி நேரம் செய்துகாட்டிய பிறகே தனியாக உட்காரலாம். நான்கு மணி நேரம் என்பது அற்பமாகத் தெரியும். தேர்வு, ஆய்வேடு, ஊருக்குப் போய்வருவது என்று மூன்று மாதம் ஓடிவிட்டால் அந்த நான்கு மணி நேரம்கூட விட்டுப்போகும். அதனால்தான் விதியாக வைத்திருக்கிறார்கள். விதிமீறலில் நான்கு நிலைகள் உண்டு, முதல் நிலை மிகக் கடுமையானது, நான்காவது மிக லேசானது. ஆனால் லேசானது என்பதற்காக எழுதாமல் விடவில்லை பாருங்கள், எனக்கு அங்கேதான் நம்பிக்கை வருகிறது. அந்தத் தவறை உலைக்காரர்களே கண்டுபிடித்துத் திருத்தினார்களா, ஆய்வாளர் வந்து கண்டுபிடித்தாரா என்று அறிக்கையில் இருக்கும். அந்த வரியைத் தேடிப் படியுங்கள். தாங்களே கண்டுபிடித்திருந்தால் அங்கே கண்விழித்திருக்கும் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம்.

அமெரிக்க முறையில் எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. ஆராய்ச்சி உலைகளுக்கு மக்கள் நலம் காக்கப் போதுமான குறைந்தபட்சக் கட்டுப்பாடு மட்டும் விதிக்க வேண்டும் என்று அவர்களுடைய 1954ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டமே சொல்கிறது. படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் முட்டுக்கட்டை கூடாது என்பது நோக்கம், அது புரிகிறது. ஆனால் நிஸ்ட் உலையும் ஆண்டுதோறும் ஆய்வு செய்யப்பட்டதுதான். அங்கே பயிற்சி மங்கிப்போனதை விபத்துக்கு முன்னால் பிடிக்க முடியவில்லை. இரண்டு ஆண்டுக்கொரு சுற்று என்பது மாணவர்கள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்துக்குப் போதாது என்பது என் எண்ணம்.

உங்கள் பாய்லர் விஷயத்தில்தான் உங்களோடு மாறுபடுகிறேன். குறை எழுதாமல் போனால் நிம்மதி என்று நாம் எல்லோரும் பழகிவிட்டோம். கோவையில் வால்வு காஸ்டிங் செய்யும் ஒரு பவுண்டரிக்கு ஒருமுறை போயிருந்தேன். காஸ்டிங்கின் உள்ளே விரிசலோ ஓட்டையோ இருக்கிறதா என்று இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருளை வைத்து ராத்திரியில் படம் எடுப்பார்கள். கயிறு கட்டி, சிவப்பு விளக்குப் போட்டு, எல்லாம் முறையாக இருந்தது. வேலை செய்பவர் சட்டையில் மாட்ட வேண்டிய கதிர்வீச்சு அளக்கும் பேட்ஜ்கள் மட்டும் ஆபீஸ் அறைச் சுவரில், வரிசையாக ஆணியில் தொங்கின. கேட்டதற்கு, “தொலைஞ்சு போயிருமுங்க, அதான் இங்கயே வெச்சிருக்கறோம்” என்றார்கள். ஆணியில் தொங்கும் பேட்ஜ் லேபுக்குப் போனால் அளவு சுத்தமாகத்தான் வரும். அந்தக் கோப்பில் ஒரு குறையும் இருக்காது. அந்த இடத்தில் வேலை செய்யும் பையன்களை நினைத்து எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

நம் நாட்டில் பல்கலைக்கழகத்துக்குள் அணு உலை இல்லை. ஆராய்ச்சி உலைகள் டிராம்பேயிலும் கல்பாக்கத்திலும் அணுசக்தித் துறையிடம் இருக்கின்றன. ஆனால் கதிரியக்கப் பொருள் பல்கலைக்கழகத்தில் உண்டு. டெல்லி பல்கலைக்கழக வேதியியல் துறையில் பல வருடமாகப் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு கதிர்வீச்சுக் கருவியை 2010இல் ஏலத்தில் விற்றார்கள். அது மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்குப் போனது. உள்ளே கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருப்பது தெரியாமல் உடைத்தார்கள். ஒருவர் இறந்தார், பலர் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டார்கள். உயிரைப் பறிக்கக்கூடிய பொருள் தங்களிடம் இருப்பது அந்தத் துறையில் யாருக்கும் நினைவில்லாமல் போயிருந்தது. யாராவது ஒழுங்காக வந்து, “இது எங்கே, இப்போது யார் பொறுப்பு?” என்று கேட்டு எழுதியிருந்தால் அந்த மனிதர் செத்திருக்க மாட்டார்.

நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983இல் அமைந்தது. டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் உலைகள் 2000இல் அதன் கண்காணிப்பிலிருந்து எடுக்கப்பட்டு, அந்த மையத்தின் சொந்தக் குழுவிடமே ஒப்படைக்கப்பட்டன. நடத்துகிறவரே சோதிக்கிறவர் என்ற அந்த ஏற்பாட்டை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் மகளின் உலையில் ஒருவர் நான்கு மணி நேரத்தைத் தவறவிட்டது கோபியில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத் தெரிகிறது. காவல் ஏற்பாடுகள் பற்றியதைத் தவிர மீதி ஆய்வறிக்கையை யாரும் படிக்கலாம். அதே உரிமை நம் ஊர் மக்களுக்கும் வேண்டும்.

மாணவர்கள் கையில் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். எழுத்துத் தேர்வும், உலைக்கு முன்னால் உட்காரவைத்துச் செய்துகாட்டும் தேர்வும் அமெரிக்க ஆணையமே நடத்துகிறது. தேறிய பிறகும் மறுபயிற்சி தொடரும், இரண்டு ஆண்டுக்கொரு முறை மருத்துவப் பரிசோதனையும் உண்டு. இதைத் தாண்டி வந்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணிடம் கொடுக்கலாம் என்றே நினைக்கிறேன்.

மகளிடம் “ஆபத்தா?” என்று கேட்டால் “ஒண்ணும் இல்லீங்கப்பா” என்றுதான் சொல்வாள், அப்பாவிடம் வேறென்ன சொல்வாள்? வேலையைப் பற்றிக் கேளுங்கள். இந்தக் காலாண்டில் உன் பயிற்சி மணி எவ்வளவு ஆச்சு? எரிபொருளை நகர்த்தும்போது நீ பக்கத்தில் இருந்தாயா, கருவியைப் பிடித்தாயா? மூத்தவர் ஓய்வுபெறும் முன் அவருக்குத் தெரிந்ததை யாராவது எழுதி வாங்குகிறார்களா? பட்டியலில் ஏதோ சரியில்லை என்று தோன்றினால், பேராசிரியர் நிற்கும்போதே உலையை நிறுத்த உனக்கு அனுமதி உண்டா? கடைசிக் கேள்விக்கு அவள் தயங்காமல் “உண்டு” என்றால் நீங்கள் தூங்கலாம். தயங்கினால் எனக்கு எழுதுங்கள்.

அடுத்த அறிக்கை வரும்போது, முந்தைய ஆய்வில் சொன்னவை என்ன ஆயின என்ற பகுதியை முதலில் புரட்டுங்கள். அந்த மணிக்கணக்கு விஷயம் தீர்ந்ததா, அதே தவறு மறுபடி வந்திருக்கிறதா என்று அதில் இருக்கும். மறுபடி வந்திருந்தால் அது சின்ன விஷயம் இல்லை, அப்போது மகளிடம் மட்டுமல்ல, அந்த உலையின் இயக்குநரிடமே நீங்கள் கேள்வி கேட்டு எழுதலாம்.

அன்புடன்