காரைக்குடிக்குப் போகலாம், கடனைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம்

கேள்வி: யீஷூனில் நாலறை வீட்டில் இருக்கிறோம். வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. நானும் கணவரும் சிங்கப்பூர்க் குடிமக்கள். மத்திய சேம நிதி (மசேநி) பிடித்தம் போக இருவருக்கும் சேர்த்து 6,200 வெள்ளி கைக்கு வருகிறது. ஆனாலும் மாதக் கடைசியில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. கணவரின் அண்ணன் காரைக்குடியில் பூர்வீக மனையில் கல்லூரி மாணவர்களுக்காக 12 அறைகள் கட்டி வருகிறார். மூன்று ஆண்டுகளில் 62,000 வெள்ளி அனுப்பியிருக்கிறோம். அதற்காகச் சென்ற ஆண்டு வாங்கிய 40,000 வெள்ளி தனிநபர் கடனில் இன்னும் 34,000 பாக்கி. வங்கிக் கடன் வசதியிலும் 11,000 நிற்கிறது. இவை போக மாதம் 800 அனுப்புகிறோம். கையிருப்பு 38,000. இந்த வீட்டை 3,000 வெள்ளிக்கு வாடகைக்கு விட்டுவிட்டு அடுத்த ஆண்டே காரைக்குடியில் குடியேறினால் செலவு குறையும் என்கிறார் கணவர். அவருக்கு 2027இல், இன்னும் 14 மாதத்தில், 55 நிறைகிறது. மகன் தேசிய சேவையில் இருக்கிறான். அவனுக்கும் இன்னும் 14 மாதம். முகவர் ஒருவர் 30,000 வெள்ளியை முதலீட்டுடன் இணைந்த காப்பீட்டில் போட்டால் ஆண்டுக்கு 8 சதவீதம் வரும் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, சந்தைச் செலவு, மின்கட்டணம், மகனின் கைச்செலவு என்று ஒரு பக்கம் முழுக்கக் கணக்கு எழுதியிருந்தீர்கள். இடம் கருதி அதைச் சுருக்கிவிட்டேன். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நீங்கள் சிக்கனமாகத்தான் இருக்கிறீர்கள். ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. தனிநபர் கடனுக்கு மாதம் ஏறக்குறைய 800, கடன் வசதிக்குக் குறைந்தபட்சத் தவணை 300, அண்ணனுக்கு 800. ஆக 1,900 வெள்ளி, வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு, ஏற்கெனவே காரைக்குடியில் குடியேறிவிட்டது. நீங்கள் இருவரும்தான் இன்னும் போகவில்லை.

போனால் என்ன ஆகும் என்று பார்ப்போம். வாடகை 3,000. வீட்டில் நீங்கள் குடியிருக்காதபோது சொத்து வரி, வரித்துறை அந்த வீட்டுக்குப் போடும் ஆண்டு மதிப்பில் 12 சதவீதத்திலிருந்து தொடங்கும். மாதம் 120 என்று வையுங்கள். நிரந்தரமாகப் போய்விட்டால் வருமான வரிக்கு நீங்கள் இங்கே வசிக்காதவர், வாடகைக்கு 24 சதவீதம் வரி. செலவுக்கென 15 சதவீதக் கழிவைக் கழித்தாலும் மாதம் 580க்குக் குறையாது. நகர மன்றக் கட்டணம், பழுதுபார்ப்பு, வாடகைக்காரர் மாறும்போது காலியாகக் கிடக்கும் வாரங்கள், முகவர் தரகு எல்லாம் சேர்த்து 300. மிஞ்சுவது 2,000. வரிச் சட்டப்படி இந்தியாவில் சாதாரணமாக வசிப்பவர் ஆனதும் (அதற்குச் சில ஆண்டுகள் ஆகலாம்) அங்கும் இந்த வருமானத்துக்கு வரிக் கணக்குக் காட்ட வேண்டும். இங்கே கட்டிய வரியை இரட்டை வரித் தவிர்ப்பு உடன்பாட்டின்படி அங்கே கழித்துக்கொள்ளலாம்.

அந்த 2,000இல் கடன் தவணை 1,100 போனால் 900. அண்ணன் 800 கேட்பதை நிறுத்துவாரா? ஒரே தெருவில் குடியிருந்துகொண்டு நீங்கள்தான் மறுப்பீர்களா? மிஞ்சுவது 100 வெள்ளி. வெள்ளிக்கு 65 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் 6,500 ரூபாய். காரைக்குடி எவ்வளவு மலிவான ஊராக இருந்தாலும் அதில் இருவர் ஒரு மாதம் ஓட்ட முடியாது. அந்த நிலையில் வங்கியிடம் தவணையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கச் சம்பளச் சீட்டும் கையில் இருக்காது.

அண்ணன் சொல்லும் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அறைக்கு 4,000 ரூபாய், 12 அறைக்கு 48,000. அழகப்பா பல்கலைக்கழகமும் பொறியியல் கல்லூரியும் இருக்கிற ஊர், மாணவர்கள் வருவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மே மாதம் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். பத்து மாத வாடகை 4,80,000. உங்கள் பாதி 2,40,000 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 3,700 வெள்ளி. நீங்கள் இங்கே கட்டும் வட்டி? தனிநபர் கடனை 3.8 சதவீதம் என்று விளம்பரத்தைப் பார்த்து எடுத்திருக்கிறீர்கள். அது அசல் குறைந்துகொண்டே வந்தாலும் குறையாத வட்டி, உண்மையில் 7 சதவீதத்துக்கு வரும். பாக்கி 34,000க்கு ஆண்டுக்குச் சுமார் 2,400. கடன் வசதிக்கு 20 சதவீதம் என்றால் 2,200. ஆக 4,600. எல்லா அறையும் கட்டி முடித்து, எல்லாம் நிரம்பி, அண்ணன் பைசா குறையாமல் கொடுத்தாலும் வாடகை வட்டிக்குக் காணாது.

அந்தப் பாதிகூட உறுதி இல்லை. மாமனார் காலமாகி ஒன்பது ஆண்டாகியும் பாகப்பிரிவினை நடக்கவில்லை, பட்டா இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தேவகோட்டையில் ஒரு நாத்தனார் இருப்பதையும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். 2005ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. அப்படியானால் மனை மூன்று பங்கு. அண்ணன் உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. அவரும் வெயிலில் நின்று மேஸ்திரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் 40 லட்சம் ரூபாய், கையெழுத்து ஒன்றுகூட இல்லாமல், பிரியாத மனையில் செங்கல்லாகி நிற்கிறது. நீங்கள் அனுப்பிய புகைப்படத்தில் முதல் மாடித் தூண்களின் மேல் கம்பிகள் வானத்தைப் பார்த்துக்கொண்டு துருவேறி நிற்கின்றன. அடுத்த தொலைபேசி அழைப்பு அந்தக் கம்பிகளுக்காகத்தான் வரும்.

ஆகவே நீங்கள் விட வேண்டிய பழக்கம் ஒன்றுதான்: அவர் கேட்டதும் இங்கே கடன் வாங்கி அனுப்புவது. கையில் 38,000 வைத்துக்கொண்டு 20 சதவீத வட்டிக்கு 11,000 கடன் வைத்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று நினைத்திருப்பீர்கள், புரிகிறது. ஆனால் அவசரம் ஏற்கெனவே வந்துவிட்டது. இந்த வாரமே அந்த 11,000ஐ அடைத்து, கடன் வசதியை மூடச் சொல்லி வங்கிக்கு எழுதுங்கள். மூடாமல் விட்டால் மறுபடி நிரம்பும். மிச்சம் 27,000.

அண்ணனுக்குப் போன 800, கடன் வசதிக்குப் போன 300, இரண்டையும் மாதாமாதம் தனிக் கணக்கில் சேருங்கள். 14 மாதத்தில் 15,400 ஆகும். வழக்கமான தவணைகளும் கட்டியபடி இருந்தால் அப்போது தனிநபர் கடனில் 25,000 அளவில் நிற்கும். சேர்த்ததைப் போட்டு, குறையும் 10,000ஐக் கையிருப்பிலிருந்து எடுத்து ஒரேயடியாக முடித்துவிடலாம். முன்கூட்டியே அடைத்தால் கட்டணம் உண்டா என்று மட்டும் ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கடனில்லாமல் 17,000 வெள்ளியோடு நிற்பீர்கள். அதே 2,000 வெள்ளி வாடகை அப்போது முழுசாக உங்களுடையது, 1,30,000 ரூபாய். அதில் காரைக்குடியில் கௌரவமாக வாழலாம்.

மகனும் அதற்குள் சேவை முடித்திருப்பான். அடுத்த ஆண்டே வீட்டை வாடகைக்கு விட்டால், வாரக் கடைசியில் முகாமிலிருந்து அழுக்குத் துணிப் பையோடு வருகிறவன் எந்தக் கதவைத் தட்டுவான்? உங்கள் கடிதத்தில் இதற்குப் பதில் இல்லை.

கணவருக்கு 55 நிறையும்போது எடுக்கக்கூடிய மசேநிப் பணம் பற்றி ஒரு வார்த்தை. “அந்தப் பணம் எப்போது வரும்” என்று அண்ணன் இரண்டு முறை கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். 2027இல் 55 நிறைகிறவர்கள் மசேநியில் விட்டுவைக்க வேண்டிய முழு ஓய்வுக்காலத் தொகை 228,200 வெள்ளி. அதற்கு மேல் இருப்பதைத்தான் பொதுவாக எடுக்க முடியும். அந்த அளவு இல்லாவிட்டாலும் 5,000 வரை எடுக்கலாம். எடுக்க முடிகிறது என்பதற்காக எடுக்காதீர்கள். ஓய்வுக்காலக் கணக்கில் 4 சதவீத வட்டியோடு கிடக்கட்டும், 65இலிருந்து மாதத் தொகையாக வரும். 55இல் எடுத்த பணத்தை ஊரில் கட்டடமாக்கிவிட்டு 65இல் பிள்ளைகள் கையை எதிர்பார்த்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அந்த வரிசையில் உங்கள் கணவர் நிற்க வேண்டாம்.

மருத்துவம்: சிங்கப்பூரின் அடிப்படை மருத்துவக் காப்பீடான மெடிஷீல்டு லைஃப் இங்குள்ள மருத்துவமனைச் செலவுக்கானது, காரைக்குடியிலோ மதுரையிலோ படுத்தால் உதவாது. கணவருக்குச் சர்க்கரை இருப்பதால் இந்தியக் காப்பீட்டில் அந்த நோய்க்கு 3 ஆண்டு வரை காத்திருக்க வைப்பார்கள். போனவுடன் முதல் வேலையாக அதை எடுங்கள். மிஞ்சும் 17,000இல் ஒரு பகுதி இதற்குத்தான்.

அந்த 8 சதவீதக் காப்பீடு வேண்டாம். மாதாமாதம் வருகிற தொகை உங்கள் முதலிலிருந்தே எடுத்துக் கொடுக்கப்படலாம், அது சிறிய எழுத்தில் இருக்கும். இடையில் வெளியே வந்தால் கட்டணம் வேறு. 20 சதவீதக் கடனை அடைப்பதைவிட நல்ல முதலீடு உங்களுக்கு இன்றைக்கு எதுவுமில்லை.

அண்ணனிடம் பேச வேண்டியவர் உங்கள் கணவர். அண்ணன் தம்பி பேச்சில் உங்களை முன்னால் நிறுத்தினால் பழி உங்கள் மேல் விழும். பொங்கலுக்குப் போகும்போது அண்ணன், உங்கள் கணவர், நாத்தனார் மூவரும் உட்கார்ந்து பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியட்டும். பதிந்த பிறகு, கடன் வாங்காமல் முடிந்தால், மிச்ச அறைகளுக்குக் கொடுப்பதைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை “அண்ணே, இங்கே கடனை அடைத்துக்கொண்டிருக்கிறேன்” என்ற ஒரு வரி போதும், அது உண்மையும்கூட.

சிராங்கூன் சாலையில் பணம் அனுப்பிய ரசீதுகளை பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் பாதி ரசீதுகளில் எழுத்து மங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் நகல் எடுங்கள். தேதி, தொகை தெரியாதவற்றுக்கு வங்கிக் கணக்கு விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். பத்திரம் எழுதும் நாளில் அந்த 62,000க்கு உங்களிடம் இருக்கும் சாட்சி அவைதான்.