உப்புக்கண்டம் (உப்பும் காரமும் பிசறி வெயிலில் காயவைத்த கறி): வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒரு கிலோ ஆட்டுக்கறியில் உப்புக்கண்டம் போட உப்பு, காரம் எவ்வளவு? கறியை எப்படி அரிய வேண்டும்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: எலும்பில்லாத தொடைக்கறியாக வாங்குங்கள். கழுவுவதானால் அரிவதற்கு முன்பே கழுவி, துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். கொழுப்பையும் ஜவ்வையும் மிச்சமில்லாமல் நீக்க வேண்டும். உப்பு கறியைக் காக்கும், கொழுப்பைக் காக்காது. நாளாக ஆகச் சிக்கு வாடை அடிக்கும். நார் ஓடும் திசையிலேயே, சுண்டுவிரல் கனத்தைத் தாண்டாமல் நீளநீளமாக அரியுங்கள். குறுக்கே அரிந்தால் கொடியில் அறுந்து விழும்.

கல் உப்பு 60 கிராம் (வறுத்துப் பொடித்தது), மஞ்சள் தூள் 1 தேக்கரண்டி, மிளகாய்த் தூள் 2 மேசைக்கரண்டி, பூண்டு 10 பல், விரல் நீள இஞ்சி. பூண்டையும் இஞ்சியையும் தண்ணீர் விடாமல் அரைத்து, எல்லாவற்றையும் கறியில் பிசறி, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் அடியில் நிற்கும் நீரைக் கொட்டிவிட்டு, கோணி ஊசியால் சணலில் கோத்துக் கட்டுங்கள். துண்டுக்குத் துண்டு ஒரு விரல் இடைவெளி வேண்டும்.

கேள்வி: மேலே கல் மாதிரி காய்ந்துவிட்டது. ஒடித்தால் உள்ளே சிவப்பாக, வாடையோடு இருக்கிறது. ஏன்?
– வாசகர், சிவகங்கை

பதில்: முதல் நாளே உச்சிவெயில் பட்டிருக்கும். மேல்பக்கம் சட்டென்று இறுகி, உள்ளே இருக்கும் ஈரத்துக்கு வெளியேற வழி இல்லாமல் போகும். துண்டு கனமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். முதல் நாள் மட்டும் காலை வெயிலில் போட்டு, நடுப்பகலில் காற்றோடும் நிழலுக்கு மாற்றுங்கள். அடுத்த நாளிலிருந்து முழு வெயில். ஈ மொய்க்காமல் கொசுவலை கட்டுங்கள். பொழுது சாய்ந்ததும் உள்ளே எடுத்துவிடுங்கள். பனி பட்டால் பகலில் போன ஈரம் திரும்ப ஏறும்.

நல்ல வெயிலில் 4, 5 நாள் ஆகும். நாளை எண்ணுவதைவிட எடை போட்டுப் பார்ப்பதே மேல். ஒரு கிலோ கறி 400 கிராமுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். இருப்பதிலேயே கனமான துண்டை ஒடித்துப் பாருங்கள். நடுவில் ஈரப்பசை இருக்கக் கூடாது.

வாடை வந்ததைத் தயவுசெய்து தூக்கி எறியுங்கள். பொரித்தால் சரியாகிவிடும் என்பது தவறு. சில கிருமிகள் விட்டுப்போகும் நஞ்சு எண்ணெய்ச் சூட்டிலும் அழியாது. நன்றாகக் காய்ந்த கண்டத்தையும் அப்படியே மெல்லக் கூடாது. வெயில் காய வைக்குமே தவிர வேக வைக்காது.

கேள்வி: பொரித்தால் மேலே கருகுகிறது, உள்ளே ரப்பர் போல இருக்கிறது.
– வாசகி, மதுரை

பதில்: தீ அதிகம். மேலே ஒட்டியிருக்கும் மிளகாய்த் தூள்தான் முதலில் கருகுகிறது. கண்டத்தை 10 நிமிடம் வெந்நீரில் போட்டு எடுத்துத் துடையுங்கள்; தூளும் போகும், உப்பும் குறையும். அம்மியில் வைத்து நார் பிரியும் அளவுக்குக் குழவியால் தட்டி, நல்லெண்ணெயில் சிறு தீயில் மொறுமொறுவென்று வரும்வரை பொரியுங்கள். தட்டாமல் பொரித்தால் எவ்வளவு நேரம் வைத்தாலும் நார் இளகாது. அதே எண்ணெயில் சின்ன வெங்காயம் வதக்கிச் சேர்த்தால் பழைய சோற்றுக்கு அதைவிட நல்ல துணை இல்லை. சோற்றில் உப்பு மட்டும் போடாதீர்கள்.

கேள்வி: பாட்டிலில் வைத்தது பூசணம் பிடித்துவிட்டது.
– வாசகர், தேனி

பதில்: வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு மூடியிருப்பீர்கள். உள்ளே வேர்த்த நீர்தான் பூசணத்துக்குக் காரணம். துடைத்துவிட்டுச் சாப்பிட வேண்டாம், கொட்டிவிடுங்கள். அடுத்த முறை நன்றாக ஆறிய பிறகு கண்ணாடி பாட்டிலில் போட்டு, மாதம் ஒருமுறை வெயில் காட்டுங்கள்.